அம்மை கண்ட வீட்டுக்குள் நுழையும் முன்: கிராமங்களில் தொண்டு செய்வோருக்கு ஒரு வழிகாட்டி

மாசி கழிந்து பங்குனி வெயில் ஏறத் தொடங்கும் நாட்களில், ஏதேனும் ஒரு வீட்டின் நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து செருகப்பட்டிருந்தால், அந்த வீட்டில் யாருக்கோ அம்மை கண்டிருக்கிறது என்பதைத் தமிழ்நாட்டுக் கிராமத்தில் யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அயலார் உள்ளே போக மாட்டார்கள். வீட்டார் விருந்துக்கும் துக்கத்துக்கும் வெளியூர் கிளம்ப மாட்டார்கள். அடுப்பில் தாளிக்கும் ஓசை கேட்காது. தொற்றுநோய்க்குத் தனிமைப்படுத்தல் என்று நாம் சொல்லும் ஏற்பாட்டை அந்த ஊர் யாருடைய ஆணையும் இல்லாமல் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. அந்த வீட்டுக்குப் போக வேண்டிய கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், ஊராட்சி உறுப்பினர், ஆசிரியர், விவரம் தெரிந்த உறவுப் பிள்ளை ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். ஊர் வழக்கத்தை எதிர்த்துக்கொண்டு உள்ளே போகிறவர் வாசலோடு திரும்பி வருகிறார் என்பதையும், வழக்கத்தைக் கற்றுக்கொண்டு போகிறவருக்கு உயிர்களைக் காக்கும் வாய்ப்பு கிடைக்கிறது என்பதையும் பல வீடுகளில் பார்த்த பிறகே இதைச் சொல்கிறேன்.

முதலில் அம்மை என்ற சொல்லைப் பற்றித் தெளிவு வேண்டும். அது ஒரே நோயின் பெயரல்ல. நீர் கோத்த கொப்புளங்கள் முதலில் மார்பிலும் முதுகிலும் தோன்றி, புதியதும் பழுத்ததும் காய்ந்ததும் ஒரே நேரத்தில் உடலில் காணப்பட்டால் அது சின்னம்மை. மூன்று நான்கு நாள் கடுங்காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், சிவந்த கண்கள் ஆகியவற்றுக்குப் பிறகு காதோரத்திலும் முகத்திலும் தொடங்கி, மணலை வாரி இறைத்தாற்போல உடல் முழுவதும் கீழ்நோக்கி இறங்கும் சிவந்த தடிப்பு தட்டம்மை. சில ஊர்களில் இதையே மணல்வாரி என்பார்கள். கன்னமும் தாடையும் வீங்கும் பொன்னுக்கு வீங்கியையும் அம்மையோடு சேர்த்துச் சொல்லும் ஊர்கள் உண்டு. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக எரிச்சலோடு எழும் அக்கி, எப்போதோ வந்துபோன சின்னம்மைக் கிருமி நரம்புக்குள் உறங்கிக் கிடந்து மீண்டும் எழுவதால் வருவது; அதற்குக் குயவர் வீட்டில் காவியால் அக்கி எழுதிக்கொள்வது வழக்கம். இவற்றில் எது என்று தெரியாமல் அறிவுரை சொல்லத் தொடங்குவது தவறு. காய்ச்சலோடு தோன்றும் தடிப்பெல்லாம் அம்மையும் அல்ல. டெங்குவிலும் தடிப்பு வரும். உண்ணிக் காய்ச்சலில் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு போன்ற மறைவான இடத்தில் வலியில்லாத கருத்த பொருக்கு ஒன்று இருக்கக்கூடும். இந்த இரண்டும் வேப்பிலைக்குள் மறைந்துபோய், நாள் கடந்து மருத்துவமனைக்கு வந்தால் உயிரைப் பறித்துவிடும். உண்ணிக் காய்ச்சலை விலை குறைந்த மாத்திரைகளே குணப்படுத்திவிடும் என்பதால், அதைத் தவறவிடுவது இன்னும் வேதனையானது.

வாசலில் நிற்கும்போது

காலையில் குளித்துவிட்டுப் போங்கள்; அன்று புலால் உண்ணாமல் இருப்பது நல்லது. செருப்பை வெளியே விட்டு, கை கால் கழுவி, அழைத்த பிறகு உள்ளே செல்லுங்கள். இவை உங்களுடைய நம்பிக்கையாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்த வீட்டில் தாய் வந்து இறங்கியிருக்கிறாள் என்று நினைப்பவர்கள் முன்னால் நீங்கள் காட்டும் மரியாதை இது, கை கழுவுவது எப்படியும் செய்ய வேண்டியதும்கூட. போகிறவர் சின்னம்மை ஏற்கெனவே கண்டவராகவோ தடுப்பூசி போட்டுக்கொண்டவராகவோ இருக்க வேண்டும். கருவுற்றிருக்கும் பணியாளர் எந்தக் காரணத்துக்காகவும் போகக் கூடாது. அவருக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பும் பொறுப்பு மேலதிகாரியுடையது, அந்தப் பெண்ணுடையது அல்ல.

உள்ளே போனதும் “என்ன நோய்?” என்று கேட்க வேண்டாம். நோய் என்ற சொல்லே சில வீடுகளில் பழிச்சொல்லாக விழும். “அம்மா என்றைக்கு வந்தா? இன்றைக்கு எத்தனையாவது நாள்?” என்று பாட்டியிடம் கேளுங்கள். இதில் வெறும் பணிவு மட்டும் இல்லை. அம்மை இறங்கியபின் எந்த நாளில் வேப்பிலைத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுவது என்பதை முடிவு செய்வதற்காக, முதல் முத்து, அதாவது கொப்புளம், தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டுப் பெரியவர்கள் பிசகாமல் கணக்கு வைத்திருப்பார்கள். நோய் கண்காணிப்புப் படிவத்தில் நாம் நிரப்ப வேண்டிய மிக முக்கியமான தேதி அதுதான். காய்ச்சல் எப்போது தொடங்கியது என்று கேட்டால் “நாலஞ்சு நாள் இருக்கும்” என்று பதில் வரும். முத்து போட்டது என்றைக்கு என்று கேட்டால் கிழமையோடு பதில் வரும்.

அந்தத் தேதியிலிருந்து முன்னும் பின்னும் எண்ணுங்கள். சின்னம்மை கண்டவரிடமிருந்து, முத்து தெரிவதற்கு 2 நாள் முன்பிருந்து எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும் வரை தொற்றும். தட்டம்மையில் தடிப்புக்கு 4 நாள் முன்பும் 4 நாள் பின்பும் தொற்றும்; அதன் கிருமி, நோயாளி எழுந்துபோன அறையின் காற்றிலும் 2 மணி நேரம் வரை தங்கியிருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் 10 பேர் ஒரே வீட்டில் இருந்தால், அவர்களில் 9 பேரை இவை பற்றிக்கொள்ளும் வேகம் கொண்டவை. எனவே வேப்பிலை கட்டுவதற்கு முந்தைய நாட்களில் அந்தக் குழந்தை எங்கெல்லாம் போனது, யார் மடியில் படுத்திருந்தது, எந்தத் திருமணத்தில் கலந்துகொண்டது என்று கேட்டறிவதே வேலையின் பாதி. வேப்பிலைக் கொத்து பின்னால் வருபவர்களைத்தான் தடுத்து நிறுத்தும். முன்னால் வந்துபோனவர்களைத் தேடிப் போக வேண்டியவர் நீங்கள்.

எதோடு சண்டை வேண்டாம், எதில் விட்டுக்கொடுக்கக் கூடாது

என்னுடைய தீர்ப்பு இது: வழக்கங்களில் பெரும்பாலானவை உதவுகின்றன அல்லது கெடுதல் செய்வதில்லை, அவற்றோடு மோதுவது நேரத்தை வீணாக்குவது. தனியறை, வெள்ளைத் துணி, வேப்பிலைப் படுக்கை, தாளிக்காத உணவு, தாலாட்டுப் பாட்டு எல்லாம் இருக்கட்டும். அரிக்கும் இடத்தை நகத்தால் பிராண்டுவதைவிட வேப்பங்கொழுந்தால் மெல்ல வருடுவது எவ்வளவோ மேல், ஏனென்றால் கொப்புளம் கிழிந்து சீழ்ப் பிடிப்பதும் தழும்பு விழுவதும் பெரும்பாலும் நகத்தால்தான். நகத்தை வெட்டக் கூடாது என்று வீட்டில் சொன்னால், குழந்தையின் கைக்கு மெல்லிய பருத்தித் துணியால் உறை கட்டிவிடச் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்வார்கள்.

உணவைப் பற்றிப் பேசும்போது சமயபுரம் மாரியம்மனை நினைவூட்டலாம். மாசி மாதக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாட்கள், தன் பக்தர்களுக்காக அந்த அம்மனே பச்சைப் பட்டினி விரதம் இருப்பதாக ஐதிகம். அந்நாட்களில் அவளுக்கு நைவேத்தியமாவது துள்ளு மாவு (பச்சரிசி மாவும் வெல்லமும் கலந்தது), நீர்மோர், பானகம், இளநீர் போன்றவையே. காய்ச்சலில் நீர் வற்றிக் கிடக்கும் உடலுக்கு இவற்றைவிடப் பொருத்தமானதை நாமும் சொல்லப்போவதில்லை. ஆனால் அம்மனின் விரதத்தைக் காரணம் காட்டிக் குழந்தையைப் பட்டினி போடும் வீடுகளும் உண்டு. அங்கே நீங்கள் அசையாமல் நிற்க வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பால் நிறுத்தக் கூடாது. மற்றவர்களுக்குக் கூழ், குழைந்த சோறு, பருப்புத் தண்ணீர், பழம் ஆகியவை கேட்கும்போதெல்லாம் கிடைக்க வேண்டும். தட்டம்மை கண்ட குழந்தை மெலிந்துபோனால் வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் அதை எளிதில் சாய்த்துவிடும். அந்த நோயில் சாவு வருவது பெரும்பாலும் தடிப்பால் அல்ல, இந்தப் பின்விளைவுகளால்தான்.

வேப்பெண்ணெயைக் குழந்தைக்கு உள்ளுக்குப் புகட்டுவதை உடனே தடுக்க வேண்டும். இலை வேறு, எண்ணெய் வேறு. கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டியதால் வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்து உயிர் போன நிகழ்வுகள் மருத்துவப் பதிவுகளில் உள்ளன. அதேபோல, காய்ச்சலுக்கென்று கடையில் ஆஸ்பிரின் வாங்கிக் கொடுக்கக் கூடாது. சின்னம்மையின்போது அது குழந்தைகளின் ஈரலையும் மூளையையும் தாக்கும் கொடிய விளைவை உண்டாக்கக்கூடும். பாரசிட்டமால் போதும், அதையும் குழந்தையின் எடைக்கு ஏற்பச் செவிலியர் சொல்லும் அளவில் மட்டும் கொடுக்க வேண்டும்.

“அம்மை கண்டால் ஊசி போடக் கூடாது, ஆத்தா கோபித்துக்கொள்வாள்” என்பதே நீங்கள் எதிர்கொள்ளப்போகும் மிகக் கடினமான சொல். இதற்கு வாதத்தால் விடை சொல்வதைவிட, தேவையான மருந்துகளில் பெரும்பாலானவை ஊசி அல்ல என்று விளக்குவது பலன் தரும். தட்டம்மை கண்ட குழந்தையின் கண்ணையும் உயிரையும் காக்கும் வைட்டமின் ஏ, அடுத்தடுத்த இரண்டு நாட்களில் வாய்வழியே கரண்டியில் கொடுக்கப்படுவது; 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 50,000 அலகு, 6 முதல் 11 மாதம் வரை 1,00,000 அலகு, அதற்கு மேற்பட்டவர்களுக்கு 2,00,000 அலகு என்பது வேளைக்கான அளவு. சின்னம்மை கண்ட பெரியவர்களுக்கு மருத்துவர் தரும் அசைக்ளோவிரும் மாத்திரைதான். முத்து தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்றாக வேலை செய்யும், நாள் கடந்தால் பயன் குறையும். குழந்தைகளுக்கு லேசாக வந்துபோகும் சின்னம்மை, வேலைக்குப் போகும் இளைஞருக்கோ குடும்பத் தலைவிக்கோ வந்தால் நுரையீரலைத் தாக்கும் அபாயம் கூடுதல் என்பதை ஊரார் அறிந்திருப்பதில்லை. “விளையாட்டு அம்மைதான், தானாக இறங்கிவிடும்” என்று 30 வயதுக்காரரைப் படுக்க வைத்துவிட்டு, மூச்சுத் திணறிய பிறகு வண்டி தேடுகிறார்கள்.

ஒன்றை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள். மாத்திரையைப் பொடித்துத் தீர்த்தத்திலோ கூழிலோ வீட்டாருக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கும் யோசனையை நல்ல நோக்கமுள்ள பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு முறை அது வெளியே தெரிந்தால், அந்தத் தெருவில் நீங்கள் சொல்லும் எந்தச் சொல்லும் அதற்குப் பிறகு எடுபடாது; அது மட்டுமல்ல, அந்த மக்களை ஏமாற்ற நமக்கு உரிமையும் இல்லை.

மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டிய அறிகுறிகளை முதல் நாளே, அமைதியாக இருக்கும் நேரத்தில், வீட்டுப் பெரியவரிடம் பேசி ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு வேகமாக வாங்குவது, விலா உள்ளிழுப்பது, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், வலிப்பு, எதையும் குடிக்க முடியாமை, தள்ளாட்டம், கருவிழி வெளுத்தல், கொப்புளத்தைச் சுற்றிச் சிவப்பு பரவிச் சீழ் வைத்தல், தணிந்த காய்ச்சல் மறுபடி ஏறுதல், எங்கிருந்தாவது இரத்தம் கசிதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108க்கு அழைக்க வேண்டும். ஐயம் மட்டும் இருந்தால் 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணில் கேட்கலாம். பெரியவர்கள் தயங்கும் இடம் நோயாளியைப் படியிறக்குவதில்தான். பூசாரியை முன்கூட்டியே அழைத்து வந்து, விபூதி இட்டு, “அம்மா கூடவே வருவாள், கூட்டிக்கொண்டு போங்கள்” என்று அவர் வாயால் சொல்ல வைத்தால் அந்தத் தயக்கம் தீர்ந்துவிடுகிறது. நோயாளி வருவதை மருத்துவமனைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பொது வரிசையில் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் நடுவில் அவரை உட்கார வைக்கக் கூடாது.

கர்ப்பிணியும் பச்சிளங்குழந்தையும்

அம்மை கண்ட வீட்டிலோ அடுத்த வீட்டிலோ, இதற்கு முன் சின்னம்மை காணாத கர்ப்பிணி இருந்தால் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பிரசவத்துக்கு 5 நாள் முன்பிருந்து 2 நாள் பின்பு வரையிலான காலத்தில் தாய்க்குச் சின்னம்மை கண்டால், தாயின் எதிர்ப்புப் பொருள் போய்ச் சேரும் முன்பே கிருமி குழந்தையை அடைந்துவிடுவதால் பச்சிளங்குழந்தையின் உயிருக்கே ஆபத்து. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் வழக்கம் உள்ள ஊர்களில், வந்த இடத்தில் தம்பி தங்கைக்கு அம்மை கண்டிருந்தால் அவரை உடனே வேறு உறவினர் வீட்டில் தங்க வைக்கச் சொல்லுங்கள். ‘அம்மா இருக்கும் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி தங்கக் கூடாது’ என்று வழக்கமே சொல்லும் ஊர்களில் இதற்கு எதிர்ப்பே இருக்காது.

ஊர் அளவில் செய்ய வேண்டியவை

ஒரு வீட்டில் வேப்பிலை கட்டியதும், சுகாதார ஆய்வாளருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் செய்தி போக வேண்டும். தொற்றுநோய்களை அறிவிக்கும் கடமையை 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமே இங்கே நிறுவிவிட்டது. ஆயினும் நடைமுறையில் செய்தியை மறைப்பது சட்டம் தெரியாததால் அல்ல. கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும் குடும்பத்தில், அம்மை என்று வெளியே சொன்ன நாளிலிருந்து இரண்டு மூன்று வாரத்துக்கு எல்லோருடைய வேலையும் நின்றுவிடும். ஆகவே மறைக்கிறார்கள். அந்த வீட்டுக்கு அரிசி, பருப்பு, பால், குடிநீர் ஆகியவை வாசல்வரை வந்து சேர ஊராட்சி முதல் நாளே ஏற்பாடு செய்தால், அடுத்த வீட்டுக்காரர் மறைக்க மாட்டார். ஏற்கெனவே அம்மை கண்டவர் ஒருவரைப் பணிவிடைக்கும் கடைக்குப் போய்வரவும் அமர்த்துவது ஊர் வழக்கமே. மருத்துவமும் அதைத்தான் சொல்கிறது.

விடுதிகளில் ஒரு பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது. மாணவருக்கு முத்து தெரிந்ததும் பயந்துபோய், பேருந்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். வழியெல்லாம் தொற்று, போய்ச் சேர்ந்த ஊரிலும் தொற்று. விடுதியிலேயே ஒரு அறையை ஒதுக்கி, பெற்றோருக்குச் சொல்லி, அவர்கள் அழைத்துப்போக விரும்பினால் தனி வண்டிக்கு வழி செய்வதுதான் சரியானது. பள்ளிக்குத் திரும்பும் நாளை முடிவு செய்வதற்கு, மூன்றாம் தண்ணீர் ஊற்றியாயிற்றா என்பதைப் பெற்றோரின் கணக்காகவும், எல்லாப் பொருக்கும் காய்ந்துவிட்டதா என்பதை நம் கணக்காகவும் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத இடத்தில் பொருக்கையே நம்புங்கள். தட்டம்மையில் தடிப்பு தோன்றி 4 நாட்கள் முழுதாகக் கழிய வேண்டும்.

தட்டம்மை என்று ஐயம் இருந்தால், உறுதி செய்வதற்கு இரத்த மாதிரி தேவைப்படும். வீட்டார் மறுத்தால் மிரட்டாதீர்கள். தொடக்க நாட்களில் தொண்டையிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்கும் வழியும் உண்டு என்பதால் மருத்துவ அலுவலரிடம் அதைக் கேளுங்கள்.

மிரட்ட வேண்டாம் என்று சொல்வதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. பெரியம்மையை ஒழித்த கடைசி ஆண்டுகளில் இந்தியாவெங்கும் வீடு வீடாகத் தேடினார்கள். நோயாளியைக் காட்டிக்கொடுத்தால் சன்மானம் என்று அறிவித்து, அதை ஒரு கட்டத்தில் 1,000 ரூபாய் வரை உயர்த்தினார்கள். 1975இல் கடைசி நோயாளி கண்டறியப்பட்டு, 1977இல் நாடு பெரியம்மையற்றது என்று சான்று பெற்றது. 1980இல் உலகமே விடுபட்டது. மாபெரும் வெற்றி அது. ஆனால் சில இடங்களில் கதவை உடைத்துப் பிடித்து வைத்துக் குத்தியதும் அதே வெற்றியின் பகுதி, அந்தக் கசப்பு பின்னால் வந்த தடுப்பூசித் திட்டங்களின் மீதும் படிந்தது. அதே ஊர்களில் விருப்பத்தோடு அம்மை குத்திக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். 1899இல் கிண்டியில் நிறுவப்பட்ட கிங் நிலையம் தயாரித்த அம்மைப்பாலை (பெரியம்மைத் தடுப்பு மருந்தை) கையில் ஏற்றுக்கொண்ட தலைமுறை இன்னும் நம் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறது. எழுபது வயதைக் கடந்த ஒருவரை அழைத்து, கையிலுள்ள அம்மைக்குத்துத் தழும்பைக் கூட்டத்தில் காட்டச் சொல்லுங்கள். அவரும் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தவராகவே இருப்பார். இரண்டும் ஒரே உடம்பில் இருக்க முடியும் என்பதை உங்களைவிட அவர் நன்றாகச் சொல்வார்.

தடுப்பூசியைப் பற்றிப் பேசும்போது

தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று என அரசால் இலவசமாகப் போடப்படுகிறது. சின்னம்மைத் தடுப்பூசி அந்த இலவச அட்டவணையில் இல்லை. வசதியுள்ளவர்கள் தனியாகப் போட்டுக்கொள்கிறார்கள். இந்த வேறுபாட்டை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ஊசி போட்ட குழந்தைக்குச் சின்னம்மை வரும்போது “ஊசியால் பயனில்லை” என்ற பேச்சு பரவும். 2017 பிப்ரவரியில், 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் அனைவருக்கும் இந்தத் தடுப்பூசியைப் போடும் இயக்கம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளால் பல பெற்றோர் பிள்ளைகளை அன்று பள்ளிக்கே அனுப்பவில்லை. வதந்தியைப் பொய் என்று மட்டும் சொல்லி முடிப்பது போதாது. ஊசி போட்ட ஒரு வாரத்துக்குப் பின் சில குழந்தைகளுக்குக் காய்ச்சலும் லேசான தடிப்பும் வரலாம், இரண்டு நாளில் தணிந்துவிடும் என்று முன்கூட்டியே சொன்னவரைத்தான், அது வரும்போது தாய்மார்கள் நம்புகிறார்கள்.

தட்டம்மை உறுதியான தெருவில், நோயாளியோடு பழகிய 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் மற்றப் பிள்ளைகளைக் காக்க முடியும் என்பதால் அட்டைகளை அன்றே சரிபார்க்க வேண்டும். ஊரின் ஓரத்திலிருக்கும் செங்கல் சூளைகளையும், இடம் மாறி வாழும் நரிக்குறவர் குடியிருப்புகளையும் முதலில் பாருங்கள். பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாத குழந்தைகள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள். அம்மை கண்ட வீட்டுக்குள்ளேயே, “அம்மா இருக்கும்போது ஊசி வேண்டாம்” என்று சொன்னால், அடுத்த தெருவில் தொடங்கி இங்கே திரும்பி வாருங்கள். அந்த ஒரு வீட்டுக்காக மற்ற நாற்பது வீடுகளின் நேரத்தை இழக்கக் கூடாது.

கடைசியாக, நாட்காட்டி ஒன்றைக் கையில் எடுங்கள். சின்னம்மைக் கிருமி ஒருவர் உடலுக்குள் போய் 10 முதல் 21 நாட்களுக்குள் முத்தாக வெளிவருகிறது. எனவே முதல் நோயாளிக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையைக் களைந்து, பொங்கல் வைத்து எல்லோரும் நிம்மதியாக இருக்கும் நேரத்தில்தான் அடுத்தவருக்குக் காய்ச்சல் தொடங்கும். முத்து தெரிவதற்கு 2 நாள் முன்பே தொற்றத் தொடங்குவதால் முதல் முத்து தெரிந்த நாளுக்கு 8 நாள் கழித்து ஒன்றும், கடைசிப் பொருக்கு காய்ந்த நாளுக்கு 21 நாள் கழித்து ஒன்றுமாக இரண்டு தேதிகளை வட்டமிட்டு, இடையில் வாரம் இருமுறை அந்தத் தெருவுக்குப் போங்கள். இரண்டாவது தேதி வரை புதிதாக எந்த நிலைப்படியிலும் வேப்பிலை ஏறவில்லையென்றால், படிவத்தை மூடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்துவிடலாம்.